கோதுமை கொடுத்தவரும் கிளர்ச்சிக்காரர்தானா? அமெரிக்கப் புரட்சியும் பிரெஞ்சுக் கனடிய மூதாதையரும்

வட அமெரிக்காவில் குடும்ப வரலாறு தோண்டுவது பலருக்கு ஒரு தீராத பொழுதுபோக்கு. அதிலும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட அமெரிக்கக் குடும்பங்கள் இதில் மும்முரமானவை. 1840க்கும் 1930க்கும் இடையில் ஏறத்தாழ 9 லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் பிழைப்புத் தேடி எல்லை தாண்டினார்கள். நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் வேலை செய்தவர்களில் கணிசமானோர் அவர்கள்தான். அவர்களுடைய வாரிசுகள் பின்னோக்கிப் போகும்போது ஏதோ ஓர் இடத்தில் ஒரு வரி தட்டுப்படும்: "1776இல் கிளர்ச்சியாளருக்கு உதவியவர்." உடனே வீட்டில் கதை பிறந்துவிடும். தாத்தாவின் தாத்தா வாஷிங்டனோடு தோளோடு தோள் நின்று போரிட்டார் என்று.

சில சமயம் அது உண்மைதான். பல சமயம் அந்தத் தாத்தா செய்தது ஒரு இரவு குளிரில் நெருப்பு மூட்டிக் காவல் இருந்தது மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் புரிந்துகொள்ளாமல் பேசுவதால் வரும் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

## முதலில், எது இது இல்லை

மூன்று கதைகளை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். பிரித்துவிடுவோம்.

1837இல் கியூபெக்கில் ஒரு கிளர்ச்சி நடந்தது. லூயி-ஜோசப் பாப்பினோ தலைவர். அதில் ஈடுபட்டவர்களுக்கு "பேட்ரியாட்" என்று பெயர். அமெரிக்கப் புரட்சிக்காரர்களுக்கும் அதே பெயர்தான் என்பதால் குழப்பம். ஆனால் நடுவில் 60 ஆண்டு இடைவெளி. அடுத்தது ரோஷாம்போவின் படை. 1780 ஜூலையில் நியூபோர்ட் துறைமுகத்தில் வந்து இறங்கிய அந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரும் பிரான்ஸ் மன்னர் அனுப்பிய பிரெஞ்சு வீரர்கள். அவர்களுக்கும் கனடாவுக்கும் தொடர்பில்லை. மூன்றாவது அகாடியர்கள். இன்றைய நோவா ஸ்கோஷியா பக்கத்தில் இருந்த பிரெஞ்சு மக்கள். 1755இல் ஆங்கிலேயர் அவர்களை ஊரோடு நாடு கடத்தினார்கள். அது தனிச் சோகம், தனி வரலாறு.

நாம் பேசப்போவது செயின்ட் லாரன்ஸ் நதியின் இரு கரையிலும் குடியிருந்த பிரெஞ்சு மொழி பேசிய கத்தோலிக்க விவசாயிகளைப் பற்றி. 1775, 76இல், ஆங்கிலேய மன்னருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த அமெரிக்கக் குடியேற்றங்களின் படை அவர்களுடைய ஊருக்குள் வந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி. அந்தக் காலத்தில் "கனடியர்" என்றாலே இவர்கள்தான். ஆங்கிலம் பேசியவர்களை யாரும் அப்படி அழைக்கவில்லை.

## கடையடைப்பு நாளை நினைத்துக்கொள்ளுங்கள்

ஒரு தெருவில் கடையடைப்பு. எல்லா ஷட்டரும் இறங்கியிருக்கிறது. வெளியூர்க்காரர் பார்த்தால் "தெருவே ஆதரவு" என்பார். தெருக்காரருக்குத் தெரியும் கதை. ஒருவர் மனதார மூடியிருப்பார். இன்னொருவர் கண்ணாடி உடையுமே என்று மூடியிருப்பார். மூன்றாமவர் பக்கத்துக் கடை மூடியதால் மூடியவர். டீக்கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு ஊர்வலம் போகிறவர்களுக்கு டீ விற்றுக்கொண்டிருப்பார், காசு வாங்கிக்கொண்டு. மைக் பிடித்துப் பேசியவர் ஒருவர்தான். சாயங்காலம் கைதானவரும் அவர்தான்.

இப்போது 200 ஆண்டு கழித்து யாரோ ஒரு காவல்துறைப் பட்டியலைக் கண்டெடுக்கிறார். அதில் டீக்கடைக்காரர் பெயரும் மைக் பிடித்தவர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. பிரெஞ்சுக் கனடிய மூதாதையர் விஷயத்தில் நடப்பது ஏறக்குறைய இதுதான்.

## 1763: கைமாறிய மக்கள்

கனடா முதலில் பிரான்சின் குடியேற்றம். 1759 செப்டம்பரில் கியூபெக் நகரமும், அடுத்த ஆண்டு மாண்ட்ரியலும் ஆங்கிலேயரிடம் விழுந்தன. 1763 பிப்ரவரியில் கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரான்ஸ் கனடாவை ஒரேயடியாக விட்டுக்கொடுத்தது. (நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்ததும் இதே ஒப்பந்தத்தில்தான்.)

அப்படிக் கைமாறியபோது கனடாவில் இருந்தவர்கள் சுமார் 70,000 பேர். அவர்களைப் புரிந்துகொள்ள நான்கு சொற்கள் போதும்.

அபிதான் என்றால் குடியானவர். நதியிலிருந்து உள்ளே நீண்டு போகும் ரிப்பன் போன்ற நிலத்தில் கோதுமை பயிரிடுகிறவர். நிலக்கிழார் அந்த நிலத்துக்கு மேல் உரிமை உள்ளவர், குடியானவரிடம் ஆண்டுதோறும் குத்தகை வாங்குகிறவர். பங்கு என்பது நம் கத்தோலிக்கர்கள் சொல்லும் அதே பங்கு: ஒரு கோயில், ஒரு பங்குச்சாமியார், அதைச் சுற்றிய ஊர். நான்காவது ஊர்ப்படைத் தலைவர். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பங்கிலும் வயது வந்த ஆண்கள் எல்லோரும் ஊர்ப்படையில் இருந்தாக வேண்டும். அதற்குத் தலைவர் பெரும்பாலும் நிலக்கிழார் கிடையாது. ஊரிலேயே கொஞ்சம் மதிப்புள்ள ஒரு குடியானவர்தான். அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது கோயில் வாசலில் நின்று வாசிப்பவர் இவர். சாலை போட ஆள் திரட்டுவதும் இவர் வேலை. மேலே இருக்கும் அரசுக்கும் கீழே இருக்கும் ஊருக்கும் நடுவே இருந்த கயிறு இந்த ஒருவர்தான். அவர் எந்தப் பக்கம் சாய்ந்தாரோ ஊரும் அந்தப் பக்கம் சாய வாய்ப்பு அதிகம். கிளர்ச்சியாளர்களுக்கும் இது தெரிந்திருந்தது, ஆங்கிலேயருக்கும் தெரிந்திருந்தது.

## யாருக்கு இனித்தது, யாருக்குக் கசந்தது

1774இல் லண்டன் நாடாளுமன்றம் கியூபெக் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. கத்தோலிக்கர்கள் தங்கள் மதத்தைக் கைவிடாமலே அரசுப் பதவி வகிக்கலாம். சொத்து, வாரிசுரிமை விஷயங்களில் பழைய பிரெஞ்சுச் சட்டமே தொடரும். கோயிலுக்குச் சேர வேண்டிய தசமபாகத்தைச் சட்டப்படி வசூலிக்கலாம். பெயர்தான் தசமபாகம், கனடாவில் அது விளைச்சலில் 26இல் ஒரு பங்கு.

இதைப் படிக்கிற யாருக்கும் "பரவாயில்லையே, தாராளமான சட்டம்" என்றுதான் தோன்றும். "ஆகவே கனடியர்கள் மகிழ்ந்து மன்னருக்கு விசுவாசமாக இருந்தார்கள்" என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். சாமியார்களும் நிலக்கிழார்களும் மகிழ்ந்தார்கள், உண்மைதான். ஆனால் குடியானவரின் இடத்திலிருந்து பாருங்கள். ஆங்கிலேயர் வந்த பிறகு தசமபாகம் கொடுக்காமல் தட்டிக்கழிக்க முடிந்தது. இனி முடியாது. நிலக்கிழார்களின் பிடி தளர்ந்திருந்தது. இப்போது அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். போதாக்குறைக்கு, போர் மூண்டதும் சில நிலக்கிழார்கள் "என் நிலத்துக் குடிகள் என் தலைமையில் வர வேண்டும்" என்று கிளம்பினார்கள். பிரெஞ்சு ஆட்சியில்கூட அப்படி ஒரு வழக்கம் கிடையாது. மாண்ட்ரியலுக்கு அருகே தெர்போன் என்ற ஊரில் ஆள் திரட்டப் போன நிலக்கிழாரை ஜனங்கள் எதிர்த்தே நின்றுவிட்டார்கள்.

தெற்கே இருந்த 13 ஆங்கிலக் குடியேற்றங்களுக்கும் இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. வேறு காரணம்: கத்தோலிக்க மதத்துக்கு இவ்வளவு சலுகையா? அவர்களுடைய பிரதிநிதிகள் கூடிய சபைக்குக் காங்கிரஸ் என்று பெயர். 1774 அக்டோபர் 21 அன்று அந்தக் காங்கிரஸ் இங்கிலாந்து மக்களுக்கு ஒரு கடிதம் எழுதி, கத்தோலிக்க மதத்தைக் கண்டபடி திட்டியது. ஐந்தே நாள் கழித்து, அக்டோபர் 26 அன்று, கியூபெக் மக்களுக்கு இன்னொரு கடிதம்: மதம் நமக்குள் ஒரு தடையே இல்லை, வாருங்கள், சேர்ந்துகொள்ளுங்கள். புளூரி மெஸ்ப்ளே என்ற அச்சகக்காரர் அதைப் பிரெஞ்சில் அச்சடித்துக் கொடுத்தார். இரண்டு கடிதங்களும் கியூபெக்குக்கு வந்து சேர்ந்தன. படித்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

1775 மே 1 அன்று கியூபெக் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று காலை மாண்ட்ரியல் சதுக்கத்தில் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மார்பளவுச் சிலையின் முகத்தில் கரி பூசியிருந்தது. கழுத்தில் உருளைக்கிழங்கு மணிகளால் ஒரு செபமாலை. கூடவே ஒரு பலகை: இவர்தான் கனடாவின் போப்பாண்டவர், ஆங்கிலேய முட்டாள். யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

சரி, இதுவரை: சட்டம் மேல்தட்டுக்குச் சாதகம், குடியானவருக்குப் பாரம். மன்னர் பக்கம் நிற்கக் குடியானவருக்குப் பெரிய காரணம் இல்லை. அதற்காகக் காங்கிரஸை நம்பவும் காரணம் இல்லை.

## அமெரிக்கப் படை ஊருக்குள் வந்தபோது

1775 மே 22 அன்று ஆயர் ஜான்-ஒலிவியே பிரியான் எல்லாப் பங்குகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: மன்னருக்கு விசுவாசமாக இருங்கள், நாட்டைக் காக்க வாருங்கள். பிற்பாடு கிளர்ச்சியாளரோடு சேர்ந்தவர்களுக்குத் தேவதிரவிய அனுமானங்கள் கிடையாது என்றும் ஆனது. பாவசங்கீர்த்தனம் கேட்க மாட்டார்கள், மந்திரித்த நிலத்தில் புதைக்க மாட்டார்கள். ஜூன் 9 அன்று ஆளுநர் கை கார்ல்டன் ராணுவச் சட்டம் பிறப்பித்து ஊர்ப்படைகளை அழைத்தார். பெரும்பாலான ஊர்களில் ஆள் வரவில்லை.

இந்த வராமையைத்தான் வரலாற்றாசிரியர்கள் நடுநிலை என்கிறார்கள். நம் கடையடைப்புத் தெருவில் ஷட்டரை இறக்கியவர்கள் இவர்கள். எண்ணிக்கையில் இவர்களே மிக அதிகம். இவர்களைக் கிளர்ச்சியாளர் என்று எழுதுவதும் தவறு, விசுவாசிகள் என்று எழுதுவதும் தவறு.

அந்த இலையுதிர்காலத்தில் ரிச்சர்ட் மாண்ட்கோமரி தலைமையில் ஒரு அமெரிக்கப் படை சாம்ப்ளெய்ன் ஏரி வழியாக வடக்கே வந்தது. இங்கே வெறும் நடுநிலையைத் தாண்டிய உதவி கிடைத்தது. ரிஷ்லியூ ஆற்றங்கரை ஊர்களில் தானிய வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் லிவிங்ஸ்டன் சுமார் 300 கனடியர்களைத் திரட்டினார். இரவோடு இரவாக, எதிரியின் சேன்-ஜான் கோட்டையைக் கடந்து, படகில் பீரங்கிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அக்டோபர் 18 அன்று ஷாம்பிளி கோட்டை சரணடைந்தது. அங்கே கிடைத்த வெடிமருந்தை வைத்துத்தான் சேன்-ஜான் கோட்டையை வீழ்த்தினார்கள். நவம்பர் 13 அன்று மாண்ட்ரியல் அவர்கள் கையில்.

இன்னொரு படை பெனடிக்ட் ஆர்னால்டு தலைமையில் மெய்ன் காடுகளை ஊடறுத்து வந்தது. கிளம்பியவர்கள் சுமார் 1,100 பேர், வந்து சேர்ந்தவர்கள் 600 சொச்சம். வழியில் தோல் செருப்பை வேகவைத்துத் தின்றார்கள், கூட வந்த நாயையும். ஷோதியேர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் முதல் வீடுகளைக் கண்டபோது அங்கிருந்த குடியானவர்கள் மாடும் மாவும் கொடுத்தார்கள். இலவசமாக அல்ல, காசுக்கு. பசித்து வந்தவனுக்குச் சோறு விற்றது கிளர்ச்சியா? இந்த ஒரு கேள்வியில் முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது.

டிசம்பர் 31 விடியலில், பனிப்புயலில், இரண்டு படைகளும் கியூபெக் நகரத்தைத் தாக்கின. லிவிங்ஸ்டனின் கனடியர்களுக்குக் கொடுத்த வேலை ஒரு வாசலில் போலித் தாக்குதல் நடத்தி எதிரியின் கவனத்தைத் திருப்புவது. தாக்குதல் தோற்றது. மாண்ட்கோமரி அங்கேயே இறந்தார், ஆர்னால்டு காலில் குண்டடி பட்டார். மதிலுக்குள்ளே நகரத்தைக் காத்தவர்களிலும் சில நூறு கனடியர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

## உதவியின் படிகள்

அந்தக் குளிர்காலம் முழுக்க அமெரிக்கப் படை நகரத்தைச் சுற்றி முகாமிட்டிருந்தது. சுற்றுவட்டார ஊர்கள் பல மாதம் அவர்கள் பிடியில். இந்தக் காலத்தில் "உதவி" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிய காரியங்கள் பல.

கோதுமை, விறகு, வைக்கோல் விற்றவர்கள். பனிச்சறுக்கு வண்டியில் சாமான் ஏற்றிப் போனவர்கள். மதில் ஏற ஏணி செய்து கொடுத்த தச்சர்கள். நதியோரக் குன்றுகளில் ஆங்கிலேயக் கப்பல் வந்தால் தெரிவிக்க நெருப்பு மூட்டிக் காவல் இருந்தவர்கள். இதற்கு மேல் ஒரு படி: கிளர்ச்சியாளர் ஏற்பாட்டில் ஊர்ப்படைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவிச்சீட்டு வாங்கியவர்கள். அதற்கும் மேலே: கையெழுத்துப் போட்டு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர்கள்.

ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு படைப்பிரிவுகள். லிவிங்ஸ்டன் தலைமையில் முதலாம் கனடியப் பிரிவு. மோசஸ் ஹேசன் தலைமையில் இரண்டாம் கனடியப் பிரிவு, 1776 ஜனவரியில் காங்கிரஸ் அனுமதித்தது. ஹேசன் மாசசூசெட்ஸில் பிறந்தவர், சேன்-ஜானில் நிலம் வைத்திருந்தவர், கனடியப் பெண்ணை மணந்தவர். அவருக்கு அனுமதித்த எண்ணிக்கை 1,000. பாதியைத் திரட்டவே திண்டாடினார்.

சுருக்கமாக ஒரு அளவுகோல்: சும்மா இருந்தவர், விற்றவர், வேலை செய்தவர், பதவி ஏற்றவர், படையில் சேர்ந்தவர். மேலே போகப் போக ஆள் குறையும், ஆபத்து கூடும், ஆவணமும் கூடும்.

## ஏன் காற்று திசை மாறியது

வசந்தம் வந்தபோது ஆதரவு வற்றிவிட்டது. முக்கியக் காரணம் காகிதப் பணம்.

பிரெஞ்சு ஆட்சியின் கடைசிக் காலத்தில் அரசாங்கம் காகித நோட்டை அள்ளி விட்டிருந்தது. நாடு கைமாறியதும் அந்த நோட்டுகளின் மதிப்பு பாதாளத்துக்குப் போய், வைத்திருந்த குடும்பங்கள் நொந்துபோயின. 15 ஆண்டுதான் ஆகியிருந்தது. இப்போது அமெரிக்கப் படை வெள்ளி நாணயம் தீர்ந்துபோய்க் காங்கிரஸ் நோட்டை நீட்டியது. சூடு கண்ட பூனைகள் வாங்குமா? வாங்காதவர்களிடம் படைவீரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள், சில இடங்களில் கடன்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, சில இடங்களில் அதுவும் இல்லாமல். கூடவே முகாமில் பெரியம்மை. அமெரிக்கத் தளபதி ஜான் தாமஸே 1776 ஜூனில் அம்மையில் இறந்தார்.

அதற்கு முன்பே கனடியர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டாயிற்று. மார்ச் 25 அன்று நதியின் தென்கரையில் சேன்-பியர் என்ற ஊரில், மன்னர் பக்கம் நின்ற ஒரு கூட்டம் ஒரு விவசாயி வீட்டில் தங்கியிருந்தது. அமெரிக்க வீரர்களும் கிளர்ச்சிப் பக்கக் கனடியர்களும் சேர்ந்து அந்த வீட்டைச் சூழ்ந்து சுட்டார்கள். மன்னர் பக்கக் கூட்டத்தோடு இருந்த சாமியார் ஒருவருக்கும் காயம். அப்பாவுக்கு எதிராக மகன் நின்றதாக அந்தக் காலக் குறிப்புகள் சொல்கின்றன.

காங்கிரஸ் கடைசி முயற்சியாகப் பெஞ்சமின் பிராங்க்ளினை அனுப்பியது. 70 வயதில் அவர் ஏப்ரல் இறுதியில் மாண்ட்ரியல் வந்து சேர்ந்தார். துணைக்கு ஒரு கத்தோலிக்கச் சாமியார், அச்சு இயந்திரத்தோடு நம் மெஸ்ப்ளே. சில நாளிலேயே பிராங்க்ளினுக்கு நிலைமை புரிந்துவிட்டது. மே 6 அன்று ஆங்கிலேயக் கப்பல்கள் கியூபெக் வந்து சேர, முற்றுகை கலைந்தது. ஜூன் மாதத்துக்குள் அமெரிக்கர்கள் கனடாவைக் காலி செய்தார்கள். மெஸ்ப்ளே மட்டும் போகவில்லை. சிறை சென்று, வெளியே வந்து, 1778இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். மாண்ட்ரியல் கெசட் நாளிதழ் அதன் வழிவந்ததுதான்.

## மூன்று அதிகாரிகளின் குறிப்பேடு

இப்போது ஆவணத்துக்கு வருவோம். "கிளர்ச்சியாளருக்கு உதவியவர்" என்ற வரி பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்கர்கள் பின்வாங்கிக்கொண்டிருந்தபோதே கார்ல்டன் மூன்று பேரை விசாரணைக்கு அனுப்பினார்: பிரான்சுவா பாபி, கேப்ரியல்-எல்சியார் தாஷெரோ, ஜென்கின் வில்லியம்ஸ். 1776 மே 22 தொடங்கி ஜூலை வரை அவர்கள் துருவா-ரிவியேரிலிருந்து கமுராஸ்கா வரை பங்கு பங்காகப் போனார்கள். ஊர்ப்படையைக் கோயில் முன் நிறுத்துவார்கள். யார் யார் என்ன செய்தார்கள் என்று விசாரிப்பார்கள். கிளர்ச்சியாளர் கொடுத்த பதவிச்சீட்டுகளைப் பிடுங்குவார்கள், ஆகாத தலைவர்களை நீக்கிப் புதியவர்களைப் போடுவார்கள். கடைசியில் எல்லோரும் "மன்னர் வாழ்க" என்று கத்த வேண்டும். அடுத்த ஊர்.

இந்தக் குறிப்பேடு ஒரு பொக்கிஷம். ஆனால் எழுதியவர்கள் வென்ற கட்சியின் அதிகாரிகள், சொன்னவர்கள் பயந்துபோன ஊர்க்காரர்கள். சிலர் பக்கத்து வீட்டுக்காரன்மேல் பழைய பகையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மாண்ட்ரியல் பக்கத்துப் பங்குகளுக்கு இவர்கள் போகவேயில்லை. எனவே அதில் பெயர் இல்லை என்பதால் தாத்தா சும்மா இருந்தார் என்று முடிவு கட்ட முடியாது.

குறிப்பேட்டில் எனக்குப் பிடித்தவர் சேன்-வாலியே ஊரின் கபூரி விதவை. அவர் வீட்டில் அடிக்கடி கூட்டம் நடக்கும், அவரே தலைமை தாங்குவார், அரசுக்கு எதிராகப் பேசுவார், வந்தவர்களுக்குச் சாராயமும் ஊற்றுவார். ஊரில் எல்லோரையும்விட அதிகக் கேடு செய்தவர் இவர்தான் என்று அதிகாரிகள் எரிச்சலோடு எழுதுகிறார்கள். அவருக்கு ஊரில் "ஹங்கேரி ராணி" என்று பட்டப்பெயர். ஹங்கேரி ராணியாக இருந்த மரியா தெரேசா சில பத்தாண்டுகளுக்கு முன் பிரான்சையே எதிர்த்துப் போரிட்டவர், அந்த நினைவில் வைத்த பெயராக இருக்கலாம். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் ஆண்கள் பட்டியலையே புரட்டுகிறார்கள். இந்த அம்மாளின் பேரப்பிள்ளைகள் தேட வேண்டியது வேறு பக்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சேன்-வாலியே இருக்கும் தென்கரையைத்தான் 1759 செப்டம்பரில் ஆங்கிலப் படை வரிசையாகக் கொளுத்திக்கொண்டு போனது. ஏறத்தாழ ஆயிரம் கட்டடங்கள் சாம்பல். அந்தக் கோபம் 1775இல் வெளிப்பட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அன்று கொளுத்திய படையில் அமெரிக்கக் குடியேற்றங்களைச் சேர்ந்த ரேஞ்சர்கள் என்ற காட்டுப்போர் வீரர்களும் இருந்தார்கள். 16 ஆண்டில் அதே ஊர்கள் அவர்களுக்கே கோதுமை கொடுத்தன. ஒற்றைக் காரணம் சொல்லும் விளக்கங்கள் இங்கே வழுக்கி விழுகின்றன.

## திரும்ப முடியாதவர்கள்

படையில் சேர்ந்தவர்களில் பலர் பின்வாங்கும் படையோடு போனார்கள். சிலர் பிறகு போய்ச் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் நன்றாகத் தெரிந்தவர் கிளெமான் கோஸ்லான். ஓர்லேயான் தீவில் 1747இல் பிறந்த தச்சர், சேன்-ஆன்-த-லா-பொக்காத்தியேரில் பெண் எடுத்தவர். தென்கரை ஊர்களில் ஆள் திரட்டினார், நெருப்புக் காவலை ஏற்பாடு செய்தார். மாமனார் ஜெர்மான் தியோன் பணமும் பண்டமும் கொடுத்தார். படை போன பிறகு கோஸ்லான் காட்டில் ஒளிந்து திரிந்து, 1777இல் பிடிபட்டுச் சிறையில் இருந்து, வெளியே வந்ததும் எல்லை தாண்டி ஹேசனின் பிரிவில் சேர்ந்தார். கனடாவுக்குள் உளவு பார்க்கத் திரும்பத் திரும்ப வந்துபோனவர். 1781இல் யார்க்டவுனில் காயம்பட்டார்.

லிவிங்ஸ்டனின் பிரிவுக்கும் ஒரு தருணம் உண்டு. 1780 செப்டம்பரில் ஹட்சன் ஆற்றில் நின்ற வல்ச்சர் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை அவர் ஆட்கள் சுட்டு விரட்டினார்கள். அந்தக் கப்பலில் திரும்ப வேண்டிய உளவாளி மேஜர் ஆந்த்ரே தரைவழியே போய் மாட்டிக்கொண்டார். கட்சி மாறவிருந்த பெனடிக்ட் ஆர்னால்டின் குட்டு அப்படித்தான் வெளிப்பட்டது.

போர் முடிந்ததும் இவர்களால் ஊர் திரும்ப முடியவில்லை. நியூயார்க் மாநிலம் சாம்ப்ளெய்ன் ஏரியின் மேற்குக் கரையில் "கனடா, நோவா ஸ்கோஷியா அகதிகளுக்கு" என்று நிலம் ஒதுக்கியது. கோஸ்லான் அங்கேயே குடியமர்ந்து 1816இல் இறந்தார். 1798இல் காங்கிரஸும் ஒரு அகதி நிலச் சட்டம் போட்டது. அந்த நிலம் ஒஹாயோவில், இன்றைய கொலம்பஸ் நகரப் பகுதியில்.

## பெயரைத் தேடும்போது

நல்ல செய்தி: கியூபெக்கின் பங்குப் பதிவேடுகளைப் போல முழுமையானவை உலகில் குறைவு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் இரண்டு பிரதிகளாக எழுதி வைத்தார்கள். பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவானார்கள். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை வரலாற்றுத் திட்டம் இவற்றைத் தொகுத்துக் குடும்பங்களாக இணைத்திருக்கிறது.

தொல்லை பெயரில்தான். "தி" என்று ஒரு வழக்கம்: "என்று அழைக்கப்படுகிற" எனப் பொருள். ருவா தி தெஜார்தான் என்றால் ருவா குடும்பம், தெஜார்தான் என்று அழைக்கப்படுவது. நம் ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் வீட்டுப் பெயர் சேர்த்துச் சொல்கிறோமே, அது போல. பிள்ளைகளில் ஒருவர் முதல் பெயரையும் மற்றவர் இரண்டாம் பெயரையும் வைத்துக்கொள்வார்கள். எல்லை தாண்டினால் இன்னும் கூத்து. அமெரிக்க எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதுவார், அல்லது மொழிபெயர்த்துவிடுவார். ருவா கிங் ஆனார், புவாவேர் கிரீன்வுட் ஆனார். கூர்த்மான்ஷ் என்றால் குட்டையான சட்டைக்கை, அது ஷார்ட்ஸ்லீவ்ஸ் ஆகிவிட்டது.

படையில் இருந்தவர் என்றால் 1818, 1832 ஓய்வூதியச் சட்டங்களின் கீழ் மனுக் கொடுத்திருக்கலாம். கிழவர் நீதிபதி முன் சத்தியம் செய்து தன் கதையைச் சொல்லியிருப்பார். கீழ்ப்படிகளில் இருந்தவர்களுக்கும் இடமுண்டு. புரட்சியில் பங்கெடுத்தவர்களின் வம்சத்துப் பெண்கள் சேரும், 1890இல் தொடங்கிய அமெரிக்கப் புரட்சி மகள்கள் சங்கம் துப்பாக்கி ஏந்தியவர்களை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. பண்டம் கொடுத்தது போன்றவற்றைத் தேசபக்திச் சேவை என்ற தலைப்பில் ஏற்கிறது. ஆனால் சங்கம் ஏற்றுக்கொண்டதாலேயே தாத்தா விரும்பித்தான் கொடுத்தார் என்று ஆகிவிடாது. அவர் கோதுமையைக் கொடுத்தார். அவ்வளவுதான் அந்தத் தாள் சொல்லும்.

## ஒரே ஆள், இரண்டு கடிதங்கள்

மேற்கே மிசிசிப்பிக் கரையில் இருந்த பிரெஞ்சு ஊர்களிலும் இதே கதை ஓடியது. 1778 ஜூலை 4 இரவு ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் என்ற அமெரிக்கத் தளபதி காஸ்காஸ்கியா ஊரைச் சத்தமில்லாமல் பிடித்தார். அங்கே பங்குச்சாமியார் பியர் ஜிபோ, மாண்ட்ரியலில் பிறந்தவர். அவர் ஒரு மருத்துவரோடு வின்சென்ஸ் ஊருக்குப் போய்வந்தார். வின்சென்ஸ் மக்கள் துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் அமெரிக்கர் பக்கம் சத்தியம் செய்தார்கள். ஆங்கிலேயர் அந்த ஊரை மீண்டும் பிடித்தபோது, 1779 பிப்ரவரியில் கிளார்க் வெள்ளக்காட்டில் நடந்துபோய் மீட்டார். கூடப் போன சுமார் 170 பேரில் ஏறக்குறைய பாதி பிரெஞ்சுக்காரர்கள்.

ஜிபோ கிளர்ச்சியாளரின் ஆதரவாளரா? 1788இல் அவர் கியூபெக் ஆயருக்கு எழுதினார்: வின்சென்ஸ் அமெரிக்கர் பக்கம் போனதற்கு நான் காரணமில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1790 மே மாதம், அமெரிக்க ஆளுநருக்கு ஒரு மனு எழுதினார்: புரட்சிக்கு நான் செய்த சேவைக்காகவும், அதில் நான் இழந்த 7,800 லிவ்ருக்காகவும் (லிவ்ர் பழைய பிரெஞ்சுப் பணம்) எனக்கு ஒரு துண்டு நிலம் தர வேண்டும்.